பின் சீட்டிலும் ஒரு பிரேக்

பிரேக் பேடு விற்கிற கடைக்குச் சிரித்த முகத்தோடு வந்தவர் யாரும் கிடையாது. சீட் கவர் மாற்றப் போகிறவர் குடும்பத்தோடு போவார். பாட்டுப் பெட்டி மாட்டப் போகிறவர் நண்பர்களோடு போவார். பேடு மாற்ற வருகிறவர் மட்டும் தனியாக, பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி வருவார். தினமும் கார் ஓட்டுகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் 'கிரீச்' கேட்ட அன்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்து, இன்னும் ஒரு மாதம் ஓட்டியவர்தானே நீங்களும்? நானும் அப்படித்தான்.

இருபத்திரண்டு வருடம் ஒரு நாளிதழின் தூத்துக்குடிச் செய்தியாளனாக இருந்தேன். கிளை அலுவலகத்தை மூடினார்கள். முத்தையாபுரத்தில், திருச்செந்தூர் ரோட்டின் மேலேயே பிரேக் கடை வைத்திருக்கும் ரெமிஜியுஸ், "பெட்டி மேல இருக்க பொடி எழுத்து எனக்குத் தெரிய மாட்டேங்கு அண்ணாச்சி. நீங்க வந்து கவுண்டர்ல இரிங்க" என்றார். வந்து உட்கார்ந்து ஏழு வருடம் ஆகிறது. அவர் கை, என் கண். கடையில் வேறு ஆள் இல்லை.

செய்தியின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுவது பழைய பழக்கம். எஸ்தர் டீச்சர் என்று ஒருவர், தன் காரை ஞாயிற்றுக்கிழமை விற்றுவிடுவதா வேண்டாமா என்ற கேள்வியோடு ஒரு வியாழக்கிழமை மாலை எங்கள் கடைக்கு வந்தார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும். அதற்கு முன்னால், நான் தொழில் கற்ற லட்சணத்தை இரண்டு சம்பவங்களில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் ரெமிஜியுஸ் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது விளங்கும்.

டீக்கடை பெஞ்சு

கடையில் சேர்ந்த முதல் வாரம். ஒரு காருக்கு முன் சக்கரப் பேடு இரண்டு ஜோடியும் மாற்றி முடித்த ரெமிஜியுஸ், கை கழுவப் போகும்போது, "அண்ணாச்சி, அந்த வண்டிய வெளிய எடுத்து விட்டுருங்க" என்றார். எடுத்தேன். பத்தடி உருண்டதும் பிரேக்கை மிதித்தேன். மிதித்த இடத்தில் ஒன்றும் இல்லை. பெடல் தரை வரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது. கார் எந்த அவசரமும் காட்டாமல் எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போய், பெஞ்சை முகர்ந்து பார்ப்பதுபோல் முட்டி, இரண்டடி தள்ளிவிட்டு நின்றது. பெஞ்சில் இருந்த துறைமுகத் தொழிலாளர் இருவர் டீயில் ஒரு சொட்டுச் சிந்தாமல் எழுந்து நின்றார்கள். அவர்களுடைய நிதானம் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

புதுப் பேடு தடிமனாக இருக்கும். அதற்கு இடம் பண்ணுவதற்காக, பேடைத் தள்ளுகிற பிஸ்டனை உள்ளே அமுக்கி வைத்திருப்பார்கள். வண்டியை எடுப்பதற்கு முன் நின்ற இடத்திலேயே பெடலை நாலைந்து முறை மிதித்து, பிஸ்டனைப் பேடு வரைக்கும் கொண்டுவர வேண்டும். இது எழுதப் படிக்கத் தெரிந்த எனக்குத் தெரியவில்லை. ரெமிஜியுஸ் ஈரக்கையோடு ஓடிவந்தார். திட்டவில்லை. பெஞ்சைத் தூக்கிப் பழைய இடத்தில் போட்டுவிட்டுச் சொன்னார்: "புதுப் பேடுக்கு நீங்க யாருன்னு தெரியாதுலா அண்ணாச்சி. நாலு மிதி மிதிச்சு, நான்தான் வந்திருக்கேன்னு சொல்லிட்டு, பொறவு வண்டிய எடுங்க."

அச்சு பார்த்த கண்

பேடு கொண்டுவந்து போடும் விற்பனையாளர் ஒருநாள் புதிதாக இரண்டு கம்பெனிப் பெட்டிகளைக் காட்டினார். ரெமிஜியுஸ் வண்டிக்கு அடியில் இருந்தார். தேர்வு என் தலையில் விழுந்தது. அச்சு விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஒரு பெட்டியில் நிறங்கள் ஒன்றோடொன்று சரியாக உட்காரவில்லை. எழுத்துகளின் விளிம்பில் சிவப்பு பிதுங்கிக்கொண்டிருந்தது. போலி என்று ஒதுக்கினேன். இன்னொன்று திருமணப் பத்திரிகை மாதிரி பளபளவென்று இருந்தது. அதில் இருபது பெட்டி எடுத்து அடுக்கினேன்.

ரெமிஜியுஸ் வெளியே வந்து, நான் எடுத்த பெட்டியிலிருந்து ஒரு பேடை உருவினார். ஓரத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல். கரி மாதிரி பொடி உதிர்ந்தது. பேடின் இரும்புத் தட்டைத் தொங்கவிட்டுப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஸ்பேனரால் தட்டினார். தேங்காய் வாங்குகிறவர் மாதிரிதான். 'பொத்' என்றது. நான் ஒதுக்கிய பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டினார். 'டங்' என்று சின்ன மணிச் சத்தம் வந்து கொஞ்சநேரம் நின்றது. பெட்டி அடித்த அச்சகம் மோசம், பேடு செய்த பட்டறை சுத்தம். அந்தச் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்டது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஏழு வருடத்தில் ஒருமுறைகூட அது தப்பியதில்லை. இருபது பெட்டியையும் விற்பனையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்: "அவசரத்துல யாரும் பெட்டிய மிதிக்க மாட்டாவ அண்ணாச்சி."

பழையகாயல் பஸ் ஸ்டாப்

இப்போது டீச்சர். வயது ஐம்பத்திரண்டு. கணக்கு டீச்சர். வீடு சாகுபுரம். எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி உள்ள பள்ளியில் வேலை. அவருடைய கணவர் ஞானராஜ் அந்த ஊர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் போய், ஒரே ஒரு சொல் மட்டும்தான் தெளிவாக வரும்: 'பாத்து.' டீச்சர் காலையில் அவரைப் பின் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிவந்து, பள்ளிக்கு அருகில் இருக்கும் பிசியோதெரபி மையத்தில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போவார். மாலையில் கூட்டிக்கொண்டு திரும்புவார். இப்படியே இன்னும் ஆறு மாதம் விடாமல் வந்தால் கம்பு ஊன்றி நடப்பார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் அவரை ஏற்றி இறக்க வழியில்லை. கார் இருந்தால்தான் நடை.

திங்கட்கிழமை காலை பழையகாயல் பஸ் ஸ்டாப்பில், முன்னால் போன பஸ் நின்றது. டீச்சரும் பிரேக் மிதித்தார். கார் நிற்க யோசித்தது. பஸ்ஸில் இடிக்காமல் இருக்க இடதுபக்கம் ஒடித்தார். அங்கே தலையிலிருந்து இறக்கிவைத்த மீன் சட்டியோடு ஓர் அம்மா நின்றிருந்தார். கார் சட்டியைத் தட்டி, சாளை மீனை ரோடெல்லாம் இறைத்துவிட்டு, அந்த அம்மாவின் சேலைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. பின் சீட்டிலிருந்து 'பாத்து, பாத்து, பாத்து' என்று குரல் வந்துகொண்டே இருந்ததாம். அன்றிலிருந்து டீச்சருக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கவே பயம். சென்னையில் இருக்கும் கொழுந்தனார், வண்டியை விற்றுவிட்டுப் பேசாமல் வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வண்டியைப் பார்க்க ஆள் வருகிறார்.

"அப்பொ எங்கட்ட என்னத்துக்கு டீச்சர் வந்தீய?" என்று ரெமிஜியுஸ் கேட்டார். டீச்சர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "தப்பு வண்டி மேலயா, என் மேலயான்னு தெரியணும் தம்பி. என் மேலன்னா வித்துடுறேன்."

மூன்று கேள்விகள்

பேடு கேட்டு வருகிறவரிடம் ரெமிஜியுஸ் முதலில் பெட்டியை எடுத்துக் காட்ட மாட்டார். மூன்று கேள்வி கேட்பார். வண்டி எங்கே நிற்கும்? எத்தனை பேர் ஏறுவார்கள்? ஓட்டுகிறவர் கால் எப்படி? முதல் கேள்வி நம் ஊருக்கானது. இரவில் கடலைப் பார்த்து நிறுத்திய காரின் டிஸ்க், அதாவது பேடு கவ்விப் பிடிக்கிற இரும்பு வட்டு, விடிவதற்குள் ஆரஞ்சு நிறத்தில் துரு பிடித்து நிற்கும். மூன்றாவது கேள்விக்கு மற்றவர் வாயால் சொல்கிற பதிலை அவர் நம்புவதில்லை. தானே ஏறி உட்கார்ந்து பார்ப்பார். டீச்சர் ஓட்ட, பக்கத்தில் அவர் உட்கார, பின்னால் ஞானராஜ் சார். தெருக்கோடி வரை போய்த் திரும்பினார்கள்.

ரெமிஜியுஸ் சக்கரத்தைக் கழற்றினார். நான் தேய்ந்துபோன பேடைத்தான் எதிர்பார்த்தேன். உள்ளே இருந்தது புதுப் பேடு. வேறு ஊரில் ஒரு மெக்கானிக் மூன்று மாதத்துக்கு முன் மாற்றியதாம். பேடின் முகம் கண்ணாடி மாதிரி மின்னியது. குனிந்து பார்த்தால் கடையின் டியூப் லைட் தெரிந்தது. சொரசொரப்பாக இருக்க வேண்டிய முகம் அது. சூடேறினால்தான் பிடிக்கிற கடினமான ரகத்தைப் போட்டிருக்கிறார்கள். மாட்டியதும் ஓட்டி, மிதித்து, டிஸ்க்கோடு பழக்கிவிடவும் இல்லை. டீச்சரோ, பின்னால் இருக்கும் மனிதர் குலுங்கக் கூடாதே என்று மூன்று மாதமாக பெடலின் மேல் காலைப் பூ மாதிரி வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. லேசாக உரசி உரசியே பேடு மெருகு ஏறிப்போயிற்று. கணவர் மேல் வைத்த அக்கறை அப்படியே போய் பேடின் முகத்தில் படிந்திருந்தது. இருபத்திரண்டு வருடச் செய்தியில் எத்தனையோ விபத்துகளுக்குக் காரணம் எழுதியிருக்கிறேன். இப்படி ஒன்றை எழுதியதில்லை.

ரெமிஜியுஸ் பின் கதவைத் திறந்தார். ஞானராஜ் சாரின் நல்ல கால் இருந்த இடத்தில், தரை விரிப்பைத் தொட்டுக் காட்டினார். அங்கே மட்டும் ரப்பர் தேய்ந்து, ஒரு குதிகால் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் அவர் அங்கே மிதித்திருக்கிறார். டீச்சர் அந்தக் குழியை அப்போதுதான் பார்த்தார். கணவரைப் பார்த்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரெமிஜியுஸ் மெதுவாகச் சொன்னார்: "இந்த வண்டியில ரெண்டு பேரு பிரேக் மிதிக்கீய டீச்சர். ரெண்டு பேரு மிதிச்சும் நிக்கல."

நினைத்த இடம்

வண்டியைக் கடையிலேயே வைத்துக்கொண்டோம். அன்று இருவரையும் ரெமிஜியுஸ் தன் வண்டியில் சாகுபுரம் கொண்டுபோய் விட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஞானராஜ் சாருக்குப் பயிற்சி இல்லாமல் ஒரு நாள் போயிற்று. டீச்சர் பஸ்ஸில் வந்து, பள்ளி முடிந்து, கடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். டிஸ்க், முகத்தைச் சீவி வர லேத் பட்டறைக்குப் போயிருந்தது. அந்த நேரத்தில் சிலுவை அண்ணன் வந்தார். நாற்பது வருடம் விசைப்படகு ஓட்டியவர். அறுபது வயதுக்கு மேல் ஓட்டக் கற்று, பழைய கார் ஒன்று வாங்கி, திரேஸ்புரம் வீட்டிலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்குத் தினமும் அதில்தான் போய்வருகிறார்.

அவருடைய பிரேக்கில் சத்தம் வந்திருக்கிறது. படகில் எது சத்தம் போட்டாலும் அதற்கு ஒரே மருந்துதான். கார்ச் சக்கரத்தின் இடுக்கில் தகரக் கரண்டியை விட்டு, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே நல்ல கெட்டி கிரீஸாக அப்பிவிட்டார். சத்தம் உடனே நின்றது. கார் நிற்கவில்லை. துறைமுகத்துக்குள் ஐஸ் பெட்டி அடுக்கில் போய் ஒதுங்கியிருக்கிறது. "ஏண்ணே, பிரேக்குக்கு யாராவது கிரீஸ் போடுவாங்களா?" என்றேன். "சத்தம் போட்டா வலை இழுக்க வின்ச்சுக்குப் போடுதோம். இது என்ன, அதைவிடப் பெரிய ஆளா?" என்றார். கிரீஸ் குடித்த பேடைக் கழுவிப் பயனில்லை. மாற்றினோம். புதுப் பேடை உப்பளத்து ரோட்டில் பழக்கிவிட்டு வந்த ரெமிஜியுஸ், கடை வாசலில் சுண்ணாம்புத் துண்டால் ஒரு கோடு கிழித்து, "கோட்டுல நிறுத்துங்க பாப்பம்" என்றார்.

சிலுவை அண்ணன் ரோட்டிலிருந்து வந்து மிதித்தார். முன் சக்கரம் கோட்டின் மேல் நின்றது. இறங்கி வந்து குனிந்து பார்த்தார். திரும்ப ஏறிப் பின்னால் போய், மறுபடி வந்து நிறுத்தினார். மூன்று தடவை. மூன்றாவது தடவை இறங்கியவர், கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். படகுக்குப் பிரேக் கிடையாது. ரிவர்ஸ் போட்டு, நீரோட்டம் விடுகிற இடத்தில்தான் நிற்கும். பரீட்சைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலுவை அண்ணன் எங்கள் யாரையும் பார்க்காமல், சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்: "நாப்பது வருசமா ஓட்டுதேன். நான் நினைச்ச இடத்துல நின்னது இன்னைக்குத்தான்."

சுவரில் ஒரு பலகை

எங்கள் கடைச் சுவரில் என் கையெழுத்தில் ஒரு பலகை இருக்கிறது: 'பேடு பழக்கிய சூட்டில் சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.' டீச்சர் அதைப் படித்துவிட்டு, "யாராவது ஊத்துவாங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார். ஊற்றினார்கள். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் வாடகைக் கார் ஓட்டும் ஒருவர், பேடு மாற்றி, பழக்கி, டிஸ்க் கொதிக்கக் கொதிக்க நேரே வீட்டுக்குப் போயிருக்கிறார். வண்டி கண்டத்திலிருந்து பிழைத்து வந்திருக்கிறது என்று அவர் மனைவி வாசலில் தயாராக நின்றிருக்கிறார். எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, குங்குமம் வைத்து, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை இரண்டு சக்கரத்திலும் பாதி பாதியாக ஊற்றியிருக்கிறார்.

காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வரும் அதே சத்தம் வந்திருக்கிறது. மறுநாளிலிருந்து பிரேக் மிதித்தால் பெடல் காலுக்கடியில் துடிக்க ஆரம்பித்தது. டிஸ்க் கோணிவிட்டது. இருவரும் கடைக்கு வந்தார்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றக் கூடாது என்று நான் பொறுமையாக விளக்கினேன். அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, கணவரிடம் திரும்பி, என் காது கேட்கவே சொன்னார்: "வாசலுக்கு வந்த வண்டிக்குத் தண்ணி ஊத்தாம, பின்ன மோரா ஊத்துவாவ?"

உப்பளத்து ரோடு

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு டீச்சரின் வண்டி தயார். லேத்தில் சீவிய டிஸ்க், மென்மையான காலுக்கு ஏற்றபடி குளிரிலேயே பிடிக்கிற ரகப் பேடு. பெடலை நாலு மிதி மிதித்து ரெமிஜியுஸ் முகமன் சொல்லிவிட்டார். இனி பழக்க வேண்டும். வழக்கமாக அவரே போய்ப் பழக்கிவருவார். அன்று சாவியை டீச்சரிடம் நீட்டினார். "பேடு மட்டும் பழகினா போதாது. உங்க காலும் பழகணும்" என்றார். பின் சீட்டில் பாரம் வேண்டும் என்று என்னை ஏற்றினார். ஞானராஜ் சார் உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்தேன். என் காலுக்கு அந்தக் குழி சரியாகப் பொருந்தியது.

முள்ளக்காடு தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே ஒரு நேர் ரோடு போகிறது. இரண்டு பக்கமும் பாத்தி, பாத்திக்கு அப்பால் வெள்ளைக் குவியல். ஆடு, மாடு, வளைவு ஒன்றும் கிடையாது. அறுபதில் போய், உறுதியாக மிதித்து, பத்துக்கு இறக்க வேண்டும். முழுதாக நிறுத்தக் கூடாது. சூடான பேடு நின்ற இடத்தில் டிஸ்க்கில் அச்சுப் பதித்துவிடும். உடனே மறுபடி அறுபது. இப்படி இருபது தடவை. முதல் தடவை டீச்சர் மிதித்தது எனக்குத் தெரியவே இல்லை. "டீச்சர், நாங்க யாரும் நோயாளி இல்ல" என்றார் ரெமிஜியுஸ். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் அவர் பொறுமை போயிற்று. "பரீட்சை ஹால்ல ஒருத்தன் பிட்டு எடுக்கான். நீங்க பாத்துட்டீய. எப்படிப் புடிப்பீய?" டீச்சர் மிதித்தார். கார் தலை குனிந்தது. என் மூக்குக் கண்ணாடி முன் சீட்டில் போய் விழுந்தது. "அதான்!" என்று ரெமிஜியுஸ் டேஷ்போர்டைத் தட்டினார்.

அதற்குப் பிறகு டீச்சர் எண்ண ஆரம்பித்தார். நாலு, ஐந்து, ஆறு. பின்னால் வந்த உப்பு லாரிக்காரர் ஒவ்வொரு முறையும் சேர்ந்து பிரேக் அடித்து அலுத்து, பக்கத்தில் வந்து தலையை நீட்டினார். "ஏம்மா, ஒண்ணுமில்லாத ரோட்டுல யாரைக் கண்டு பயப்படுதீய?" ரெமிஜியுஸ், "பாடம் நடக்கு அண்ணாச்சி, நீங்க முன்னால போங்க" என்று அனுப்பிவைத்தார். பத்தாவதில் தீய்ந்த வாடை வந்தது. டீச்சர் திரும்பிப் பார்த்தார். "வரட்டும். பச்சை வாடை போவுது" என்றார் ரெமிஜியுஸ். பதின்மூன்றோ பதினான்கோ ஆகும்போது ஒன்றைக் கவனித்தேன். அதுவரை டீச்சரோடு சேர்ந்து குழியை மிதித்துக்கொண்டிருந்த என் கால், மிதிப்பதை நிறுத்தியிருந்தது. எப்போது நிறுத்தியது என்று எனக்கே தெரியவில்லை. டீச்சரின் பயமும் எப்போது போயிற்று என்று அவரும் கவனித்திருக்க மாட்டார்.

இருபது முடிந்தது. பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் காற்று வாங்க ஓட்டிவிட்டு, உருண்டு ஓய்ந்து நின்ற இடத்தில் இறங்கினோம். தூரத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் கையை நெற்றியில் வைத்து எங்களையே பார்த்தார்கள். ரெமிஜியுஸ் சக்கரத்தின் இடைவெளி வழியே டிஸ்க்கைக் காட்டினார். சீவிய வெள்ளி நிறம் போய்விட்டிருந்தது. சாம்பலும் நீலமும் கலந்த ஒரு படலம், ஈரத்துணியால் துடைத்தது மாதிரி ஒரே சீராகப் பரவியிருந்தது. பேடு தன்னிலிருந்து ஒரு மெல்லிய தோலை உரித்து டிஸ்க்குக்குக் கொடுத்திருக்கிறது. உள்ளங்கை அளவு பேடு, விரல் தடிமன். மூன்று ஆளையும் இவ்வளவு இரும்பையும் இருபது தடவை பிடித்து நிறுத்தியது அதுதான். நான் ஏழு வருடமாகப் பெட்டி பெட்டியாக விற்றவன், அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். டீச்சரும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ரெமிஜியுஸ் சொன்னார்: "இனிமே பேடு இரும்பைப் புடிக்கல டீச்சர். தன்னைத்தானே புடிக்கி. அந்தப் பிடி விடாது."

ஆத்தூர் பாலத்துக்கு முன்னால்

மறுநாள் சனிக்கிழமை. பள்ளி கிடையாது, பயிற்சி உண்டு. காலை எட்டரை மணிக்கு டீச்சரின் கார் எங்கள் கடையைத் தாண்டிப் போனதை இருவரும் பார்த்தோம். பின் சீட்டில் ஞானராஜ் சார் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த ரெமிஜியுஸ், அதே நட்டை இரண்டு முறை கழற்றி இரண்டு முறை மாட்டினார். வண்டி சரிதான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பின் சீட்டில் இருக்கிற மனிதருக்கு அதைச் சொல்ல எங்களிடம் எந்தப் பேடும் இல்லை. அவர் பயந்தால் டீச்சரின் கால் மறுபடி பூவாகிவிடும். நாளை ஞாயிறு.

பகல் ஒரு மணி இருக்கும். கடைப் போன் அடித்தது. டீச்சர். குரலே கேட்கவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருந்தது. "எங்க இருக்கீங்க டீச்சர்?" என்று கத்தினேன். ரெமிஜியுஸ் ஸ்பேனரோடு எழுந்து வந்தார். ஸ்பீக்கரில் போட்டேன். பழையகாயல் தாண்டி, ஆத்தூர் பாலத்துக்கு முன்னால் ஒரு வேப்பமரத்து நிழலில் ஓரமாக நிறுத்தியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்றார். பழையகாயலில் அதே பஸ் ஸ்டாப்பில் பஸ் நின்றதாம். மிதித்தாராம். நின்றதாம். மீன்காரம்மா இவரை அடையாளம் கண்டு, சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நாலடி பின்னால் போனாராம். ஞாயிற்றுக்கிழமை வருகிறவரிடம் வர வேண்டாம் என்று சொல்லப்போவதாகவும் சொன்னார். எல்லாம் அதே கிசுகிசுப்பில்.

"நல்ல விஷயத்தைச் சத்தமாச் சொல்லலாமே டீச்சர், ஏன் இப்படிப் பேசுதீய?" என்று ரெமிஜியுஸ் கேட்டார். போனில் மரத்துக் காக்கை ஒன்று கத்தியது கேட்டது. அப்புறம் டீச்சர் இன்னும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "முள்ளக்காட்டுல இருந்து 'பாத்து'ன்னு சத்தமே வரலையேன்னு திரும்பிப் பார்த்தேன் தம்பி. அவங்க தூங்கிட்டாங்க."

பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று சொல்வதற்காக மட்டும் இந்த ஏழு வருடத்தில் எங்கள் கடைக்கு வந்த போன் அது ஒன்றுதான்.